தாளம் இரவல், நா தனது

மொழியைக் காப்பவர் யாவர் என்னும் வினாவிற்குக் கற்றோர் உடனே விடை கூறிவிடுவர். புலவர், இலக்கண ஆசிரியர், அகரமுதலி தொகுப்போர், மொழிப்போரில் உயிரீந்தோர் என அப்பட்டியல் நீளும். மணவீட்டில் விடிய விடியப் பாடித் தொண்டை கட்டிப்போன பாட்டுக்காரனை அதில் எவரும் சேர்ப்பதில்லை. போலந்து நாட்டில் அத்தகைய பாட்டுக்காரர்கள் வளர்த்த ஆட்டப்பாட்டு ஒன்று, ஏறத்தாழ 40 ஆண்டுகளாகக் கற்றோரின் எள்ளலைச் சுமந்துகொண்டே தழைத்து வருகின்றது. 'டிசுகோ போலோ' என்பது அதன் பெயர்.

போலந்து, மொழியின் அருமையை அறியாத நாடன்று. 1795 முதல் 1918 வரை 123 ஆண்டுகள் அந்நாடு நிலப்படத்திலேயே இல்லை. உருசியமும் பிரசியமும் ஆத்திரியமும் அதனைக் கூறுபோட்டுக் கொண்டன. சமயப் பாடத்தைச் செருமானிய மொழியில் ஒப்பிக்க மறுத்ததற்காக 1901-இல் வுசெசினியா நகரின் பள்ளிச் சிறுவர்கள் பிரம்படி பட்டனர். அத்தகைய மண்ணின் கற்றோர், பின்னாளில் தம் மக்கள் தம் மொழியிலேயே பாடி ஆடிய பாட்டைக் கேட்டு முகஞ்சுளித்தனர் என்பதுதான் வியப்பு.

இப்பாட்டின் தாளம் போலந்தில் பிறந்ததன்று, இத்தாலியிலிருந்து வந்தது. 1980களில் இத்தாலிய இளைஞர் மின்னிசைக் கருவிகளைக் கொண்டு ஓர் ஆட்ட இசையை ஆக்கி, அதனை ஐரோப்பா முழுவதும் விற்றனர். இசை அவர்களுடையது, பாட்டின் மொழியோ பெரும்பாலும் ஆங்கிலம். விற்பனைக்காகப் பாடகர் தம் பெயர்களையும் ஆங்கிலமாக்கிக் கொண்டனர். 'டென் ஆரோ' என்னும் பெயரில் மேடையேறியவர் சுதெபானோ சான்றி என்னும் இத்தாலிய இளைஞர். அவர் வாயசைத்தார், குரல் பிறருடையது. அப்பெயர் பணம் என்னும் பொருள்தரும் 'தெனாரோ' என்னும் இத்தாலியச் சொல்லைத் திரித்துக் கட்டியது. பணத்தையே பெயராக்கி, அதற்கும் ஆங்கில முகமூடி இட்ட வணிகத்தை இதனினும் வெளிப்படையாக எவராலும் கூறவியலாது.

அதே தாளத்தைப் போலந்தின் சிற்றூர்ப் பாட்டுக்காரரும் எடுத்துக்கொண்டனர். ஆயின் ஆங்கிலத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுடைய களம் உலகச் சந்தையன்று, அடுத்த ஊர் மணவிழா. ஆங்கோ பாட்டியும் பேரனும் சேர்ந்து ஆடவேண்டும், சொல் புரியவேண்டும். துருத்திப்பெட்டியும் வயலினும் முரசும் இருந்த இடத்தில் மின்னிசைப் பலகை ஒன்று வந்து நின்றது. நான்கைந்து பேர் செய்த வேலையை இருவர் செய்தனர். பாட்டோ பழைய மணப்பாட்டு, படைவீரர் பாட்டு, தெருமுற்றத்துக் கதைப்பாட்டு, அமெரிக்காவிற்குப் பிழைக்கப் போனவர் பாடிய ஏக்கப்பாட்டு ஆகியவற்றின் வழிவந்தது. மரபு அறுபடவில்லை, கருவி மட்டுமே மாறிற்று என்க.

பொதுவுடைமை ஆட்சியில் இசைத்தட்டு நிறுவனங்கள் அரசின் கையில் இருந்தன. மணவீட்டுப் பாட்டைத் தட்டில் பதிப்பிக்க அவை முன்வரவில்லை. 1989-இல் அவ்வாட்சி வீழ்ந்ததும் ஒலிநாடாக்கள் தெருவுக்கு வந்தன. படைவீரர் படுக்கும் மடக்குக் கட்டிலை நடைபாதையில் விரித்து, அதன்மேல் நாடாக்களைப் பரப்பி விற்றனர். அதனாலேயே அப்பாட்டிற்கு முதலில் 'நடைபாதை இசை' என்று பெயர். வார்சா நகருக்கருகில் 'புளூ சுடார்' என்னும் ஒலிநாடா நிறுவனத்தை நடத்திய சுவாவோமிர் சுக்ரெந்தா என்பவர்தாம், இத்தாலியப் பெயரை ஒட்டி 'டிசுகோ போலோ' என்னும் பெயரை 1990களின் தொடக்கத்தில் இட்டார். 1992-இல் இப்பாட்டுக்காரர் வார்சாவின் பேரவைக் கூடத்தில் மேடையேறினர். பொதுவுடைமைக் கட்சி தன் மாநாடுகளைக் கூட்டிய அதே கூடம் அது!

இதன் தாயகம் என்று கூறத்தக்கது வடகிழக்கில் வெள்ளை உருசிய எல்லையை ஒட்டிய போத்லாசியே நிலப்பகுதி. பெருந்தொழில் குறைந்த, வயலும் காடும் சூழ்ந்த பகுதி அது. செனோன் மார்த்தினியூக்கின் 'அக்சென்ட்' குழு 1989-இல் அங்குள்ள பியெல்சுக்கு போத்லாசுகி என்னும் சிறுநகரில் தோன்றிற்று. மார்ச்சின் மில்லரின் 'பாய்சு' குழு பக்கத்துப் பகுதியான மசூரியாவின் எவுக்கு நகரில் எழுந்தது. 1990-இல் தொடங்கிய பொருளியல் மாற்றத்தால் நலிந்தவை பெரும்பாலும் இத்தகைய ஊர்களே. அரசுப் பண்ணைகள் கலைக்கப்பட்டன. 1993 இறுதியில் நாட்டில் வேலையற்றோர் 16.4 விழுக்காடு. தலைநகரத்து வானொலிகளோ ஆங்கிலப் பாட்டை முழங்கின; புதிய வாழ்வு புதிய மொழியில்தான் வரும் என்பதுபோல் அவை நடந்துகொண்டன. வேலையிழந்த சிற்றூர் இளைஞனுக்கு அவனது மொழியில் காதலையும் களிப்பையும் பாடிக்காட்டியவர் எவர்? தீயணைப்புப் படையினரின் ஊர்க்கூடத்தில் காரி இரவு மின்னிசைப் பலகையோடு வந்து நின்றவர்தாம்.

கற்றோரின் எள்ளலுக்கு ஒரு சொல்லே போதிய சான்று. போலந்தியத்தில் சிற்றூர் என்பதற்கு 'வியெசு' என்பது சொல். அதிலிருந்து 'வியோகா' என்றொரு வசைச்சொல் பிறந்தது. நயமற்றது, நாணத்தக்கது என்பது அதன் பொருள். டிசுகோ போலோவைப் பற்றி அச்சொல்லையே மீண்டும் மீண்டும் வீசினர். ஊர்ப்பெயரையே வசையாக்கிய நாவிற்கு அவ்வூர்ப்பாட்டு எங்ஙனம் இனிக்கும்?

அப்பாட்டில் குறையே இல்லை என்பதன்று. சொல்வளம் சிறிது, எதுகைக்காக இழுத்துப் பிணைத்த அடிகள் பல, பெண்ணின் உள்ளாடையைப் பாடுபொருளாக்கிய பாட்டும் உண்டு. குழுக்களின் பெயர்களைப் பார்த்தாலே ஒரு குறை விளங்கும். 'பாய்சு', 'டாப் ஒன்' எனப் பெயர்ப்பலகையில் ஆங்கிலம் அமர்ந்துகொண்டது. உள்ளே தாய்மொழியை வைத்துக்கொண்டு வாயிலில் அயன்மொழியைத் தொங்கவிடுவது இரங்கத்தக்க ஏக்கமே. ஆயின் பாட்டின் சொல்வறுமைக்குப் பாட்டுக்காரன் மட்டுமே பொறுப்பாளியோ? ஆட்டக்களத்திற்கு எழுதுவது இழிவென்று ஒதுங்கிய பாவலர்க்கும் அதில் பங்குண்டு. மார்த்தினியூக்கு 2014-இல் வெளியிட்ட 'உன் பச்சை விழிகளால்' என்னும் பாட்டு, இணையத்தில் 10 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது. அதன் தலைப்பில் 'உன்' என்பதற்கு வாய்ப்பேச்சு வடிவம் இல்லை. பாக்களில் வழங்கும் பழைய குறுக்க வடிவமே உள்ளது. எள்ளப்பட்டவனும் பாட்டு என்றவுடன் பா மொழியைத்தான் தேடுகின்றான். கொடுப்பார் இருந்திருப்பின் அவன் இன்னும் மிகுதியாகவே பெற்றிருப்பான்.

அரசியலார் இப்பாட்டை நடத்திய முறை தனிக்கதை. 1995 குடியரசுத் தலைவர் தேர்தலில் அலெக்சாந்தர் குவாசினியெவ்சுகிக்காக 'டாப் ஒன்' குழு பாடிற்று. அவர் வாவென்சாவை வென்றார். 1994 முதல் 2002 வரை 'போல்சாத்து' என்னும் தனியார் தொலைக்காட்சி இதற்கெனவே ஒரு நிகழ்ச்சி நடத்திற்று. பின்னர்ச் சில ஆண்டுகள் பாட்டு மணவீடுகளுக்குள் ஒடுங்கிற்று, மடியவில்லை. 2011-இல் இதற்கென்று தனித் தொலைக்காட்சி ஒன்றே தொடங்கப்பட்டது. 2015 முதல் 2023 வரை ஆண்ட வலதுசாரியினர் காலத்தில், முன்பு கதவடைத்த அரசுத் தொலைக்காட்சியே மார்த்தினியூக்கைப் புத்தாண்டு மேடைக்கு அழைத்தது. 2020-இல் அவர் வாழ்க்கையைத் திரைப்படமாகவும் ஆக்கிற்று. சிற்றூரானின் பாட்டின்மேல் அத்துணை அன்பு, அவனது வாக்குச்சீட்டின் மேலும் என்க. எள்ளியவரும் அணைத்தவரும் அவனை ஒரு மக்கட்கூட்டமாக எண்ணினரேயன்றி, மொழியுடைய மாந்தனாக எண்ணினரில்லை.

சட்டத்தின் வலிமையையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். போலந்து 1999-இல் மொழிச்சட்டம் இயற்றிற்று. வானொலியில் ஒலிக்கும் பாட்டுகளில் 33 விழுக்காடு போலந்தியமாக இருத்தல் வேண்டும் என்னும் விதியும் உண்டு. நிலையங்கள் என்ன செய்தன? ஊர் உறங்கும் நள்ளிரவில் தாய்மொழிப் பாட்டை ஒலித்துக் கணக்கைச் சரிக்கட்டின. அதனால், அப்பங்கில் 60 விழுக்காடு காலை 5 மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில் ஒலிக்கவேண்டும் என்று பின்னர் விதியைத் திருத்த நேர்ந்தது. சட்டம் தேவையே, அதில் ஐயமில்லை. எனினும் நடைபாதைக் கட்டிலில் விற்ற நாடாவிற்கு எந்த விழுக்காடும் தேவைப்படவில்லை.

2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின் போலந்தியர் பன்னூறாயிரவர் பிரித்தானியாவிற்கும் அயர்லாந்திற்கும் பிழைக்கச் சென்றனர். பாட்டுக்குழுக்களும் அவர்களைத் தொடர்ந்து கடல் கடந்தன; சிக்காகோவின் பழைய குடியேறிகளிடத்தும் சென்று பாடின. நாட்டிலோ, நகரத்துப் படித்த மணமக்கள் சிலர் இசைக்குழுவை அமர்த்தும்போதே 'டிசுகோ போலோ மட்டும் வேண்டா' என்று கண்டிப்பாகக் கூறிவிடுவதுண்டு. குழுவினரும் தலையசைத்து ஒப்புக்கொள்வர். பாட்டுகளையோ மறவாமல் கொண்டே வருவர். மணமகளின் தலையணியைக் களையும் நள்ளிரவுச் சடங்கு முடிந்தபின், அப்பாட்டைக் கேட்டு மேடையருகே முதலில் வந்து நிற்பவர் பல வேளைகளில் அம்மணமக்களே.