தேய்ந்த காசுகளும் அவற்றின் பெயரும்

நாஞ்சில் நாட்டில் குளந் தூர்வாரும்போதும், வீடு கட்ட வானந் தோண்டும்போதும், பழஞ் செப்புக்காசுகள் அவ்வப்போது மண்ணிலிருந்து வெளிப்படுதல் உண்டு. மேனாடுகளில் உலோகம் உணர்த்துங் கருவியைக் கையிலேந்தி வயலிலும் கடற்கரையிலும் காசு தேடித் திரிவோர் பலர். நம் ஊர்களில் அக்காட்சி அரிது. எவ்வாறு கிடைப்பினும், கிடைத்தபின் நாம் செய்வன இரண்டு: புளியுஞ் சாம்பலும் இட்டுத் துலக்குவோம், பின்னர் அதற்கு ஓர் அரசன் பெயரைச் சூட்டுவோம். இரண்டுந் தவறு என்பதும், முன்னதினும் பின்னது பெருந்தவறு என்பதும் என் கருத்து.

புளியைப் பற்றி மிகக் கூறவேண்டுவதில்லை. செம்பின்மேற் படிந்த பசுங்களிம்பு வெறும் அழுக்கன்று. தேய்ந்த காசில் எழுத்தின் கடைசிச் சுவடு பலவேளைகளில் அக்களிம்பிலேயே நிற்கும். புளியின் அமிலம் அதனையுந் தின்றுவிட்டாற் பளபளக்கும் செப்புத்தகடு ஒன்றே எஞ்சும்.

நிற்க, பெயர் சூட்டுதலைக் கருதுவோம். 1980-களில் இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியிற் பொறித்த சதுரச் செப்புக்காசு ஒன்றை அறிஞருலகிற்கு வெளிப்படுத்தினார். சங்ககாலப் பாண்டியர் தம் பெயரால் காசு அடித்தனர் என்பது அதனால் தெளிவாயிற்று. அது பெருமைக்குரியதே. ஆனால் அதன்பின் சதுரமாய்க் கிடைத்ததெல்லாம் சங்ககாலத்தது என்றும், வட்டமாய்க் கிடைத்ததெல்லாம் இராசராசனுடையது என்றும் சொல்லும் ஆசை நம்மிடையே பெருகிவிட்டது.

இராசராசன் காசையே எடுத்துக்கொள்வோம். அவன் ஆணை நம் நாட்டிலுஞ் சென்றது. கோட்டாறு மும்முடிச்சோழன் பெயரால் வழங்கப்பெற்றதைக் கல்வெட்டுக்கள் கூறும். ஆதலின் அவன் காசு இங்குக் கிடைத்தல் வியப்பன்று. ஒருபுறம் நிற்கும் உருவமும், மறுபுறம் அமர்ந்த உருவமும், அதனருகே நாகரி எழுத்தில் அவன் பெயரும் அதில் உண்டு. இவ்வடிவத்தையே பின்னர் ஈழத்தரசரும் மேற்கொண்டனர். பராக்கிரமபாகு, நிசங்கமல்லன் முதலியோர் காசுகளும், லீலாவதி என்னும் அரசியின் காசும் இவ்வகையினவே. எழுத்துத் தேய்ந்தொழிந்தால் எஞ்சுவன இரண்டு உருவங்கள் மட்டுமே. அப்போது அது சோழநாட்டதோ ஈழத்ததோ, அரசனுடையதோ அரசியினுடையதோ, யார் துணிந்து கூறவல்லார்?

தமிழெழுத்துப் பொறித்த காசுகளிலும் இவ்விடர் உண்டு. பிற்காலப் பாண்டியர் 'எல்லாந் தலையானான்', 'சோணாடு கொண்டான்' போன்ற விருதுப்பெயர்களைத் தம் காசுகளிற் பொறித்தனர். பழைய எழுத்திற் பெரும்பாலும் புள்ளியும் இல்லை. ஒகர ஓகார வேறுபாடும் இல்லை. இக்காசு தேய்ந்து 'சோ' என்னும் முதலெழுத்து மட்டும் நிற்குமாயின், சோழன் என்று படிக்கவே நம் நா எழும். சோழநாட்டைக் கைக்கொண்ட பாண்டியனது காசைச் சோழன் தலையிலேயே கட்டிவிடுவது எத்துணை வேடிக்கை!

1894-இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏட்டில் எழுத்துச் சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டினார். தம் சொல்லைப் பெய்து நிரப்பினாரல்லர். அவர் நிரப்பியிருந்தாற் செய்யுள் படிக்க இனிதாயிருந்திருக்கும். ஆனால் புலவன் சொல் எது, பதிப்பாசிரியர் சொல் எது என்று நாம் இன்று அறியமாட்டோம். தமிழ் பயிலும் நாம் ஏட்டுக்கு அளிக்கும் அம்மதிப்பைக் காசுக்கும் அளித்தல் வேண்டும்.

பெயர் தெரியாத காசினாற் பயன் என்னை என்று சிலர் வினவுவர். 1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 உரோமப் பொற்காசுகள் ஒருங்கே கிடைத்தன. அவை செல்வர் சேமித்த பொருள். கரூரிலும் மதுரையிலுங் கிடைக்கும் சிறிய உரோமச் செப்புக்காசுகளோ பெரும்பாலும் முகந்தெரியாமல் தேய்ந்தவை. கைமாறிக் கைமாறித் தேய்ந்தவை. சந்தையில் உப்பும் நெல்லும் கொண்டவர் கைகளை அவையே அறியும்.

நம் வயல்களிலிருந்து மிகுதியாய் வெளிப்படுவன திருவிதாங்கூர்க் காசுகளாகவே இருத்தல் இயல்பு. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு ரூபாய். ஆகவே ரூபாய்க்கு 448 காசு. சங்கு முத்திரையிட்ட அச்சிறு செப்புக்காசு 1949 வரை இந்நாட்டிற் செலாவணியில் இருந்தது. 'வெறுந் திருவிதாங்கூர்க் காசு' என்று கேட்டவுடன் முகஞ்சுளித்துப் பழைய பாத்திரக்காரனிடம் எறிந்துவிடுவாரைக் காண எனக்கு வருத்தமே. அரை வயிற்றுக் கூலிக்காரன் மடியில் முடிந்துவைத்த காசு அதுவன்றோ? அவன் சரித்திரத்தை எந்தக் கல்வெட்டும் எழுதவில்லை.

எனது முறை இது. காசைத் துலக்காது, தட்டான் தராசில் நிறுத்து எடையும், அளந்து குறுக்களவும் குறித்தல் வேண்டும். இருண்ட அறையில் விளக்கைப் பக்கவாட்டிற் சாய்த்துப் பிடித்துக் காசை மெல்லத் திருப்பினாற் பகலில் தோன்றாத கோடுகளும் நிழலால் எழுந்து தோன்றும். எல்லாவற்றினும் முதன்மையானது, எவ்வூரில், எந்த வயலில், எவ்வளவு ஆழத்திற் கிடைத்தது என்னுங் குறிப்பு. தேய்ந்த எழுத்தை என்றேனும் ஓர் அறிஞர் படித்துவிடலாம். மறந்த இடத்தை எவரும் மீட்டுத் தரமுடியாது. இங்கிலாந்தில் 1997 முதல், பொதுமக்கள் கண்டெடுத்த பழம்பொருள்களை இடக்குறிப்போடு பதிவு செய்து வருகின்றனர். பதிவானவை 10 இலட்சத்துக்கு மேற்பட்டன. நம் நாட்டிலோ, மண்ணில் மறைந்து கிடந்து வெளிப்பட்ட பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புடையதாயின் ஆட்சியருக்கு எழுத்தால் அறிவித்தல் வேண்டும் என 1878-ஆம் ஆண்டுச் சட்டமே விதிக்கின்றது. அச்சட்டம் கேட்பனவற்றுள் இடமும் நாளும் உள்ளன என்பதை நோக்குக.

1888-இல் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி நூலெழுதிய லோவந்தால், வேலூரிலிருந்த டென்மார்க்குப் பாதிரியார். அக்காலத்திலேயே பாண்டியர் காசுகளை ஆராய்ந்த ட்ரேசி என்பாரும் மதுரைச் சீமையில் ஊழியஞ் செய்த அமெரிக்கப் பாதிரியாரே. ஆதலின் இத்தொழில் நம்மனோர்க்குப் புதிதன்று. நம் கல்லூரித் தமிழ்ச் சங்கமும் சரித்திரச் சங்கமும் சேர்ந்து ஒரு பதிவேடு தொடங்கலாம். காசுகளை வாங்கவேண்டா, அவை உரியவரிடமே இருக்கட்டும். ஊர், நாள், எடை, அளவு, இருபுறப் படம் ஆகியன எழுதினாற் போதும். அரசன் பெயருக்கென ஒரு பத்தி விட்டு, தெரியாதவிடத்துப் புள்ளியிட்டு வைக்கலாம். ஐயமுள்ளவற்றின் படங்களைக் கன்னியாகுமரி அருங்காட்சியகத்தார்க்கோ எழும்பூரிலுள்ளார்க்கோ காட்டிக் கேட்கலாம். வரும் கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஆளுக்கொரு குறிப்பேடு எடுத்துச் செல்வராக.