சோலார் பேனலுக்கு 'நானோ கோட்டிங்' அடிக்கலாமா? கள்ளக்குறிச்சி மொட்டை மாடியில் இருந்து ஒரு கணக்கு

சித்திரை மாசம். கள்ளக்குறிச்சி - சின்னசேலம் சாலையோரம் ஒரு வீடு. மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல் மாட்டி ஓராண்டு ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். போன வருஷம் இதே மாசம் வந்த யூனிட் இந்த வருஷம் வரவில்லை. மாடி ஏறிப் பார்த்தால் பேனல் மேல் விரலால் பெயர் எழுதுகிற அளவுக்குப் புழுதி.

இந்த நேரத்தில்தான் செல்போனில் ஒரு விளம்பரம் வருகிறது. "நானோ கோட்டிங் அடியுங்கள், தூசி ஒட்டாது, கழுவவே வேண்டாம், மின்சாரம் கூடும்." விலையும் கொஞ்சநஞ்சம் இல்லை. வாங்கலாமா, வேண்டாமா?

இதற்குப் பதில் சொல்வதற்கு முன் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. இன்று கடைகளில் விற்கும் பெரும்பாலான பேனல்களின் கண்ணாடியில் ஏற்கெனவே ஒரு பூச்சு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை.

ஏன் இப்போது இந்தக் கேள்வி?

பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள் இலக்கு. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டோ அதற்கு மேலோ என்றால் 78,000 ரூபாய் மானியம். இதனால் பெரிய நகரங்களைத் தாண்டி ஊராட்சிகளிலும் மாடிக்கு மாடி பேனல் ஏறிக்கொண்டிருக்கிறது.

கள்ளக்குறிச்சிக்கு சோலார் புதுசும் இல்லை. 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆவதற்கு முன், விழுப்புரத்தோடு இருந்த காலத்திலேயே, 2011-ல் அறிவிக்கப்பட்ட பசுமை வீடுகள் திட்டத்தில் கிராமங்களுக்கு சோலார் விளக்குகள் வந்தன. ஆனால் அப்போது அது அரசு கொடுத்த விளக்கு. இப்போது மாடியில் இருப்பது, மானியம் போக மீதியைக் கைக்காசு போட்டோ கடன் வாங்கியோ மாட்டியது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் கணக்கு இருக்கிறது.

கண்ணாடியில் அப்படி என்ன பூச்சு?

சாதாரணக் கண்ணாடி மேல் வெயில் விழும்போது, ஒரு பக்கத்துக்குச் சுமார் 4 சதவீதம் வெளிச்சம் திருப்பி அடிக்கப்படும். ஜன்னலில் நம் முகம் தெரிவது இதனால்தான். வீட்டு ஜன்னலுக்கு இது பிரச்சினை இல்லை. சோலார் பேனலுக்கு அது நேரடி நஷ்டம்.

இதைக் குறைக்கத்தான் பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு. பொருள் என்னவோ சிலிக்காதான், அதாவது மணலில் இருக்கும் அதே சங்கதி. ஆனால் ஸ்பாஞ்சு போல உள்ளே நுண்ணிய துளைகள் நிறைந்தது. தடிமன் சுமார் 100 முதல் 150 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் பல நூறில் ஒரு பங்கு.

இவ்வளவு மெல்லிசான பூச்சு எப்படி வேலை செய்கிறது? வெளிச்சம் ஒரு அலை. பூச்சின் மேற்பரப்பில் ஒரு பகுதி திரும்புகிறது, பூச்சுக்கு அடியில் கண்ணாடியில் பட்டு இன்னொரு பகுதி திரும்புகிறது. தடிமன் சரியாக இருந்தால் ஒரு அலையின் மேடும் மற்ற அலையின் பள்ளமும் சந்தித்து, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். திரும்பிப் போக வேண்டிய வெளிச்சம் உள்ளே போய்விடும். இதனால் 2 முதல் 3 சதவீதம் வரை கூடுதல் வெளிச்சம் செல்களுக்குக் கிடைக்கிறது.

இது நேற்று வந்த வித்தையும் இல்லை. பழசாகி மங்கிய கண்ணாடி புதுக் கண்ணாடியைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பதை ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே 1886-லேயே கவனித்தார். 1930-களில் ஜெர்மனியில் அலெக்சாண்டர் ஸ்மாகுலாவும், அமெரிக்காவில் கேத்தரின் பிளாட்ஜெட்டும் இதை வேண்டுமென்றே செய்துகாட்டினார்கள். இன்று கேமரா லென்ஸ், மூக்குக்கண்ணாடி என்று எல்லாவற்றிலும் இதன் வாரிசுகள்தான்.

தொழிற்சாலையில் அடிப்பதும் பாட்டிலில் வருவதும் ஒன்றா?

இல்லை. வித்தியாசம் இங்கேதான்.

தொழிற்சாலையில் உருளை வைத்து இந்தப் பூச்சைக் கண்ணாடி மேல் ஒரே சீராகத் தடவுகிறார்கள். பிறகு கண்ணாடியை உறுதியாக்க 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கும்போது பூச்சும் சேர்ந்து சுட்டு, கண்ணாடியோடு இறுகிவிடுகிறது. பானையைச் சூளையில் சுடுவது மாதிரி.

பாட்டிலில் வருவதை நாம் மாடியில் நின்று துணியால் தடவுகிறோம். சூளையும் கிடையாது, சீரான தடிமனுக்கு உத்தரவாதமும் கிடையாது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஏற்கெனவே இருக்கும் பூச்சு வேலை செய்வதே அதன் துளைகளில் இருக்கும் காற்றால்தான். மேலே தடவும் திரவம் அந்தத் துளைகளில் இறங்கி அடைத்துக்கொண்டால், பழைய பூச்சின் பலன் குறையக்கூடும். வெளிச்சத்தைக் கூட்டப் போய் குறைத்துக்கொண்ட கதையாகிவிடும்.

அப்போ, தூசி ஒட்டாத கோட்டிங் என்பது பொய்யா?

பொய் இல்லை. ஆனால் அது எங்கே, எப்போது வேலை செய்யும் என்பதுதான் விஷயம்.

இதில் இரண்டு வகை. ஒன்று, தாமரை இலை வகை. தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக உருண்டு ஓடும், ஓடும்போது தூசியையும் அள்ளிக்கொண்டு போகும். ஐஐடி ஜோத்பூர் ஆராய்ச்சியாளர்கள் 2023-ல் பேனல்களுக்காக இந்த வகைப் பூச்சு ஒன்றை உருவாக்கியதாக அறிவித்தார்கள். இரண்டாவது வகை இதற்கு நேர் எதிர். டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய கண்ணாடியில் தண்ணீர் ஒரே படலமாகப் பரவி அழுக்கை வழித்துக்கொண்டு இறங்கும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டு, ஒட்டிய கரிமப் பிசுக்கும் சிதையும். பில்கிங்டன் நிறுவனம் 2001-லேயே இப்படி ஒரு ஜன்னல் கண்ணாடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இரண்டுக்கும் பொதுவான தேவை ஒன்று இருக்கிறது: தண்ணீர். மழை பெய்தால்தான் இரண்டுமே தன்னைத்தானே கழுவிக்கொள்ளும்.

இப்போது நம்ம ஊர் வானத்தைப் பாருங்கள். கள்ளக்குறிச்சிக்கு மழை பெரும்பாலும் ஜூன் முதல் டிசம்பர் வரைதான். தைக்குப் பிறகு கோடை மழை வரும்வரை வானம் வறண்டு கிடக்கும். நல்ல வெயில் அடித்து அதிக யூனிட் வர வேண்டிய மாதங்களும் அவைதான், புழுதி அதிகம் ஏறும் மாதங்களும் அவைதான். கோட்டிங் அதிகம் தேவைப்படும் நேரத்தில் அதற்குத் தேவையான மழை இருக்காது. "கழுவவே வேண்டாம்" என்ற வாக்குறுதி இங்கேதான் அடிபடுகிறது.

சமவெளி அழுக்கும் மலை அழுக்கும் வேறு வேறு

சேலம் - உளுந்தூர்பேட்டை நான்கு வழிச் சாலையை ஒட்டிய வீடுகளுக்கு மண் புழுதியும் வண்டிப் புகையும். ரைஸ்மில் பக்கம் என்றால் உமிச் சாம்பல். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயப்பாளையத்திலும் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. அரவைக் காலத்தில் ஆலைப் பக்கத்து வீடுகளுக்குக் கரும்புச் சக்கை எரித்த சாம்பலும் சேரும். சாம்பலும் கரியும் மண் புழுதியைவிட மோசம், கொஞ்சம் படிந்தாலே வெளிச்சத்தை அதிகம் மறைக்கும்.

கல்வராயன் மலையில் கதை வேறு. வெள்ளிமலை பக்கம் சாலைப் புழுதி குறைவு. ஆனால் பனி உண்டு. ராத்திரி கண்ணாடி மேல் பனி இறங்கி, இருக்கிற தூசியைக் குழைத்து, காலை வெயிலில் காயவைத்துவிடும். நாலைந்து நாள் இப்படி நடந்தால் தூசி சிமென்ட் மாதிரி கெட்டியாகிவிடும். கூடவே மரத்தடி இலை, பறவை எச்சம், சட்டத்தின் ஓரத்தில் பாசி.

இரண்டு இடத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 12 டிகிரியில் இருப்பதால் பேனலையும் ஏறக்குறைய அதே சாய்வில்தான் வைக்கிறோம். சாய்வு குறைவு என்பதால் தண்ணீர் முழுசாக வடியாது. கீழ்ச் சட்டத்தின் ஓரம் ஒரு சேற்றுக் கோடு நிற்கும். பார்க்கச் சின்னதுதான். ஆனால் கடைசி வரிசை செல்களை மறைத்துவிட்டால், செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் நஷ்டம் அந்தக் கோட்டின் அளவைவிடப் பெரிசாக இருக்கும்.

சரி, கணக்கு என்ன சொல்கிறது?

உலக அளவில் தூசியால் ஆண்டுக்குக் குறைந்தது 3 முதல் 4 சதவீதம் சோலார் மின்சாரம் வீணாவதாக 2019-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. வறண்ட குஜராத்தில் நிலைமை இன்னும் மோசம். ஐஐடி காந்திநகரில் இருந்த பேனல்களைச் சில வாரங்களுக்கு ஒருமுறை கழுவியபோது, ஒவ்வொரு முறையும் செயல்திறன் சுமார் 50 சதவீதம் எகிறியதாக 2017-ல் வெளியான ஆய்வு சொன்னது. நம் மழை குஜராத்தைவிட மேல். அதனால் ஓரளவு கழுவிவரும் வீட்டுக்கு ஆண்டு நஷ்டம் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

தமிழ்நாட்டில் 1 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். 3 கிலோவாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 4,380 யூனிட். அதில் 5 சதவீதம் சுமார் 219 யூனிட். யூனிட்டுக்கு 5 ரூபாய் போட்டால் ஏறக்குறைய 1,100 ரூபாய்.

கோட்டிங் அந்த நஷ்டத்தில் பாதியைத் தடுக்கிறது என்றே தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 550 ரூபாய் மிச்சம். மூன்று வருஷம் தாங்கினால் 1,650 ரூபாய். ஆகவே 3 கிலோவாட் வீட்டுக்குக் கூலியோடு சேர்த்து 1,650 ரூபாய்க்கு மேல் கேட்டால், இந்தக் கணக்குப்படி அது நஷ்டம். உங்கள் யூனிட் விலை, உங்கள் ஊர் புழுதி எல்லாம் மாறலாம். எண்களை மாற்றிப் போட்டு நீங்களே பார்க்கலாம்.

பல ஏக்கரில் பேனல் வைத்து, கழுவ லாரித் தண்ணீரும் ஆட்களும் அமர்த்தும் பெரிய சோலார் பூங்காக்களுக்குக் கணக்கு வேறு. அங்கே ஒரு கழுவலை மிச்சப்படுத்தினாலே பெரிய தொகை. அவர்களுக்குப் பொருந்துவது நம் மாடிக்கும் பொருந்தும் என்று அர்த்தம் இல்லை.

அப்போ வீட்டில் என்ன செய்யலாம்?

* விடியற்காலையிலோ பொழுது சாய்ந்த பிறகோ கழுவுங்கள். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விரிசல் விட வாய்ப்புண்டு.

* போர் தண்ணி உப்பாக இருந்தால் அப்படியே காயவிடாதீர்கள். வெள்ளைத் திட்டு படியும், போகவே போகாது. மழைத் தண்ணீர் சேமித்திருந்தால் அதுதான் சிறந்தது. இல்லையென்றால் ரப்பர் வைப்பரால் உடனே வழித்துவிடுங்கள்.

* தேங்காய் நார், இரும்பு ஸ்கிரப்பர், சபீனா மாதிரியான பாத்திரம் தேய்க்கும் பவுடர், ஆசிட் எதுவும் கூடாது. கண்ணாடி தாங்கினாலும் அதன் மேல் இருக்கும் துளைப் பூச்சு தாங்காது. மென்மையான துணியோ பிரஷ்ஷோ போதும். பறவை எச்சத்தை ஊறவைத்து எடுங்கள்.

* கீழ்ச் சட்டத்தின் ஓரத்தைத் தனியாகத் துடையுங்கள். பாதிப் பலன் அங்கேயே கிடைத்துவிடும்.

* கண்ணாடி உடைந்திருந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தொடாதீர்கள். வெயில் இருக்கும்வரை பேனலில் மின்சாரம் இருக்கும். மாட்டியவரைக் கூப்பிடுங்கள். ஓட்டு வீட்டுக் கூரை மேல் ஏறாமல், கீழே நின்று நீளக் கம்பு பிரஷ்ஷால் செய்யுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதை உங்கள் இன்வெர்ட்டரே சொல்லும். நல்ல வெயில் அடித்த மூன்று நாள் யூனிட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். கழுவுங்கள். அடுத்து அதேபோல மூன்று நாள் குறியுங்கள். வித்தியாசம் 2, 3 சதவீதம்தான் என்றால் அவசரப்படத் தேவையில்லை. 10 சதவீதம் தாண்டினால் இடைவெளியைக் குறைக்க வேண்டும்.

அதையும் மீறி கோட்டிங் அடிக்க வேண்டும் என்று தோன்றினால்?

விற்பவரிடம் நாலு கேள்வி கேளுங்கள். பிரதிபலிப்புத் தடுப்புப் பூச்சு உள்ள பேனலில் இதைச் சோதித்த அறிக்கை இருக்கிறதா? எத்தனை வருஷம் தாங்கும் என்று எழுத்தில் தருவீர்களா? உரிந்தால் யார் பொறுப்பு? என் பேனல் கம்பெனி இதற்குச் சம்மதிக்கிறதா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். பேனலோடு வந்த கையேட்டைப் புரட்டிப் பாருங்கள். கண்ணாடி மேல் வேறு எதையும் பூசக் கூடாது என்று பல நிறுவனங்கள் அதில் போட்டிருக்கும். மீறினால் 25 வருஷ வாரண்டி கேள்விக்குறியாகிவிடலாம். 550 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய், லட்ச ரூபாய்ப் பொருளின் வாரண்டியை இழப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

நாளை பேனல் கம்பெனியே தொழிற்சாலையில் சுட்டு, தூசி ஒட்டாத பூச்சோடு கண்ணாடி தந்தால் தாராளமாக வாங்கலாம். அதுவரைக்கும், மாட்டும்போதே உங்கள் காசில் வந்த ஒரு பூச்சு மாடியில் இருக்கிறது. வாளித் தண்ணீரும் பழைய பருத்தித் துணியும் அதற்குப் போதும்.