சொல்லித் தீரும் அச்சம்

ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சாத நெஞ்சம் உண்டா? அஞ்சா நெஞ்சர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோரும், பல் பிடுங்க உட்கார்ந்ததும் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்வதைக் காண்கிறோம். அவர்களை நாம் கேலி செய்வதில்லை. ஆனால், சூற்பையில் நீர்க்கட்டி என்று கேள்விப்பட்ட ஒரு பெண், ஆபரேஷனுக்கு முன்னிரவில் உறங்காமல் கிடந்தால் மட்டும், "இதற்குப் போய் இவ்வளவு பயமா?" என்று கேட்கிறோம். கேட்பது எளிது, தோழர்களே! அந்த அச்சம் எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

அது கோழைத்தனத்தில் பிறந்ததன்று. யாரும் எடுத்துச் சொல்லாமையில் பிறந்தது என்பதே என் கருத்து.

நான் சீத்தா கேம்ப்பில் வளர்ந்தவள். 1976-ஆம் ஆண்டு மே மாதம், அணு ஆராய்ச்சி நிலையத்தின் தேவைக்காக ஜனதா காலனி அகற்றப்பட்டபோது, அங்கு வாழ்ந்த மக்கள் கொண்டுவந்து விடப்பட்ட சதுப்பு நிலமே எங்கள் ஊர். அன்று வந்தவர்களில் தமிழர் பலர். எங்கள் தாய்மார்களுக்கு இந்தியும் மராத்தியும் தெரியாமல் இல்லை. கடைக்குப் போகவும் பஸ் ஏறவும் வேண்டிய அளவுக்குத் தெரியும். ஆனால், காய்கறி விலை பேசும் மொழி வேறு; கருப்பையைப் பற்றிப் பேசும் மொழி வேறு. முன்னதைச் சந்தையில் கற்றுக்கொள்ளலாம். பின்னதை எங்கே போய்க் கற்பது?

சொற்களே அச்சத்தை வளர்ப்பதைப் பாருங்கள். மராத்தியில் 'காட்' என்றால் முடிச்சு. உடலில் தோன்றும் கட்டிக்கும் அதே பெயர். தமிழிலோ வேனிற் கொப்புளமும் கட்டி, புற்றும் கட்டி, நீர் நிறைந்த சிறு பையும் கட்டி! போதாக்குறைக்கு, பி.சி.ஓ.எஸ். என்னும் சுரப்புக் கோளாற்றையும் 'நீர்க்கட்டி' என்றே அழைக்கிறோம். அதில் ஸ்கேனில் தெரிவன முதிராத சிறு முட்டைப் பைகளே. அவற்றை வெட்டி எடுக்க வேண்டியதில்லை. ஒருத்திக்கு மாத்திரை போதும் என்கிறார் டாக்டர். மற்றொருத்திக்கு ஆபரேஷன் என்கிறார். பெயர் ஒன்றாக இருப்பதால், "அவளுக்கு மாத்திரை, எனக்கு மட்டும் கத்தியா? என்னிடம் எதையோ மறைக்கிறார்கள்" என்று இரண்டாமவள் நடுங்குகிறாள்.

உண்மை என்ன? மாதச் சுழற்சியின் போது சூற்பையில் தோன்றும் சாதாரண நீர்க்கட்டிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் தாமே மறைந்துவிடும். மறையாதவை உண்டு. முடியும் பல்லும்கூட உள்ளே காணப்படும் டெர்மாய்டு கட்டி தானாகக் கரையாது. கட்டியின் பாரத்தால் சூற்பை முறுக்கிக்கொண்டால் உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும். மாதவிலக்கு நிற்காத வயதில் காணப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. பல வேளைகளில் கட்டியை மட்டும் எடுத்துச் சூற்பையைக் காப்பாற்றலாம். ஒரு சூற்பையையே எடுக்க நேர்ந்தாலும், மற்றது நலமாக இருந்தால் மாதவிலக்கும் வரும், மகப்பேறும் இயலும். திருமணமாகாத பெண்ணின் வீட்டார் வாய்விட்டுக் கேட்க அஞ்சும் கேள்விக்கு இதுவே விடை. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் கிடைக்காமல் எத்தனை இரவுகள் கண்ணீரில் கழிகின்றன!

எனக்கும் டெர்மாய்டு கட்டிதான். நான் சேர்ந்த மருத்துவமனையில் நாள் குறித்தார்கள். தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். விளக்கம் சொல்ல எவருக்கும் நேரமில்லை. நூறு பேர் காத்திருக்கும் வார்டில் அவர்களும் என்ன செய்வார்கள்! எனக்கு விளக்கம் தந்தவர் பக்கத்துப் படுக்கையில் இருந்த தாராவி அம்மையார். முதல் நாள் ஆபரேஷன் ஆனவர். நெல்லைப் பேச்சு மாறாதவர். "முழிச்சதும் தோள்பட்ட வலிக்கும், பயந்துராத தாயி. வயித்துல ஊதுன காத்து அது. ரெண்டு நாள்ல போயிரும். தெரியாம நேத்து நான் அழுதுட்டேன்" என்றார். அவர் சொன்னது சரியே. சிறு துளைகள் வழியே செய்யும் ஆபரேஷனில் வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்துகிறார்கள். எஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்த, வலி தோளில் தெரிகிறது. மறுநாள் எனக்கும் தோள் வலித்தது. ஆனால் நான் அழவில்லை. வலி ஒன்றுதான்; அவர் அழுதார், நான் அழவில்லை. எனக்கு முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தார் என்பதைத் தவிர வேறு என்ன வேறுபாடு?

வரலாறும் இதையே காட்டுகிறது. 1809-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் எப்ரேம் மெக்டோவல் என்னும் மருத்துவர், ஜேன் கிராபோர்டு என்ற பெண்ணின் வயிற்றைத் திறந்து பெரியதொரு சூற்பைக் கட்டியை அகற்றினார். மயக்க மருந்து நடைமுறைக்கு வராத காலம். இதற்கு முன் இப்படி யாரும் செய்து வென்றதில்லை, இது ஒரு சோதனையே என்று அவர் ஒளிக்காமல் கூறினார். கேட்டறிந்த பின்பே அந்த அம்மையார் ஏறக்குறைய அறுபது மைல் குதிரையில் பயணம் செய்து அவர் ஊரை அடைந்தார். கத்தி வயிற்றில் நடந்தபோது தோத்திரப் பாடல்களைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். பின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். இறைவனை வேண்டுவோர் வேண்டட்டும். அது நெஞ்சுக்கு உரம். ஆனால், உண்மையைக் கேட்டுத் தாமே முடிவு செய்ததும் அவருக்கு உரமன்றோ?

நம் நாட்டுச் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. சோதனைக்காக மட்டும் மயக்கம் கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கருப்பையையும் சூற்பைகளையும், வெளியே இருந்த தாயிடம் சம்மதம் பெற்று அகற்றிய நிகழ்ச்சி 1995-இல் டெல்லியில் நடந்தது. சமீரா கோலி வழக்கு எனப்படும் அந்த வழக்கில், 2008-ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குத் தந்த சம்மதம் ஆகாது. சுயநினைவு திரும்பும்வரை காத்திருக்கக் கூடிய நிலையில், வயது வந்த நோயாளிக்காகத் தாயும் சம்மதிக்க முடியாது. சம்மதம் கேட்கும்போது போதிய விவரம் சொல்ல வேண்டும் என்றது நீதிமன்றம். புரியாத மொழியில் சொன்னால் அது எப்படி விவரமாகும்?

"எல்லாவற்றையும் சொன்னால் பயம் கூடத்தானே செய்யும்?" என்பார் சிலர். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்ட வேண்டும் என்று நான் கூறவில்லை. ஆனால் டாக்டர் சொல்லாமல் விட்ட இடம் வெற்றிடமாக இராது. குழாயடியில் கேட்ட கதை வந்து அதை நிரப்பும். அங்கே சொல்லப்படும் ஆபரேஷன் கதைகளில் எத்தனை பேர் பிழைத்திருக்கிறார்கள்? ஆகவே நோயாளியே கேட்கப் பழக வேண்டும். எந்த வகைக் கட்டி? கட்டியை மட்டும் எடுப்பீர்களா, சூற்பையையுமா? துளையா, பெரிய வெட்டா? எத்தனை மணியிலிருந்து உண்ணக் கூடாது? ஏன்? மயக்கத்தில் இரைப்பையில் உள்ளது மூச்சுக்குழலில் ஏறிவிடக் கூடாது என்பதற்கே அந்தப் பட்டினி என்று தெரிந்தால், அது தண்டனையாகத் தோன்றாது, தற்காப்பாகத் தோன்றும். கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டாலே நெஞ்சின் பாரம் பாதி குறையும். நான் எழுதிக் கண்டது இது.

இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. தமிழும் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் அறிந்தவர்கள் நாம். சீத்தா கேம்ப்பிலும் தாராவியிலும் செம்பூரிலும் மாணவர் இல்லாத தெரு உண்டா? ஆபரேஷனுக்கு முன் டாக்டரைப் பார்க்கும் நாளில், விரும்பும் தமிழ்ப் பெண்ணுக்குத் துணையாக ஒரு மாணவி செல்லட்டும். டாக்டர் சொல்வதைத் தமிழில் சொல்லட்டும். அவர் கேட்பதை டாக்டரிடம் சொல்லட்டும். முடிவு அவருடையது, துணை மட்டுமே நம்முடையது. மாணவர்களுக்கும் பணி உண்டு: வரிசையில் நிற்கலாம், இரத்தம் தரலாம், மருந்து வாங்கி வரலாம். நம்மில் மருத்துவம் பயில்வோர், மேலே சொன்ன விவரங்களை இரண்டு பக்கத் துண்டுத் தாளாக எளிய தமிழில் எழுதித் தங்கள் ஆசிரியர்களிடம் காட்டித் திருத்தித் தரலாம். ஒன்றை மட்டும் உறுதியாகக் கடைப்பிடிக்க வேண்டும். மருத்துவமனையில் கேட்டது தெருவுக்கு வரக் கூடாது. வந்தால், அடுத்த பெண் நம்மை அழைக்க மாட்டாள். தனியாகவே அஞ்சிக் கிடப்பாள்.

நாம் கற்ற மொழிகள் தேர்வுத் தாளோடு முடிந்துவிட வேண்டுமா? சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் துணை செல்ல விரும்புவோர் பட்டியல் ஒன்றைத் தொடங்குவோம். அதில் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.