ஒரு மணி நேரத் தரங்கம்பாடி

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்த குடும்பங்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேனைத் தெற்கே தரங்கம்பாடிக்குத் திருப்புவது வழக்கம். கோட்டைக்குள் ஒரு சுற்று, மதில் மேல் ஒரு படம், மணலில் உட்கார்ந்து ஒரு பொட்டலம் சுண்டல். பொழுது சாய்வதற்குள் வண்டி கிளம்பிவிடும். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டேனிஷ்காரர் கட்டிய கோட்டை, ‘ஓசோன் காற்று’ வீசும் கடற்கரை என்றுதானே ஊரை விளம்பரப்படுத்தி வைத்திருக்கிறோம்! (தரைமட்டத்தில் ஓசோன் மிகுந்தால் நுரையீரலுக்குக் கேடு. அப்படி ஒரு கரை உண்மையிலேயே இருந்தால் அங்கே குழந்தைகளைக் கூட்டிப்போகக் கூடாது.) இந்த விளம்பரம் ஒரு கடற்கரையையே ஒரு கட்டடமாகச் சுருக்கிவிட்டது. ஒரு துறைமுகம் எப்படி எழுந்து எப்படிக் கைவிடப்பட்டது என்பதை இவ்வளவு குறுகிய நடைதூரத்தில் காட்டும் ஊர்கள் தமிழகத்தில் குறைவு. அதைப் பார்க்க ஒரு மணி நேரம் போதாது.

கோட்டையிலிருந்து வடக்கே சில நிமிடங்கள் நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் எழுந்தது. தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க்குக்கு இடம் கொடுத்தது 1620-ல். அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே கோயில் கட்டும் அளவுக்கு ஊர் இருந்திருக்கிறது. கோயிலில் உள்ள கல்வெட்டில் சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்ற பெயர்கள் வருகின்றன. ‘பட்டினம்’ என்ற சொல்லே போதும், டேனிஷ்காரர் வெறும் மணலில் வந்து இறங்கவில்லை என்று சொல்ல. கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருப்பதைக் காக்கக் கல் கொட்டியிருக்கிறார்கள். ஓரிடத்தில் கல் கொட்டினால் அலை தன் வேகத்தைப் பக்கத்து மணலில் காட்டும் என்பது இந்தக் கடற்கரை நெடுகிலும் மீனவர்கள் கண்டது.

ஆனால் ஊரைச் சாய்த்தது கடல் மட்டும்தானா? 1845-ல் டென்மார்க், தரங்கம்பாடியையும் வங்கத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விற்றது. சில காலம் தஞ்சை மாவட்டத்தின் தலைநகராக இருந்த பெருமையும் 1860 வாக்கில் போனது. 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் சரக்கெல்லாம் அங்கே திரும்பிவிட்டது. மயிலாடுதுறையிலிருந்து இங்கே பாதை போட 1926 வரை ஆனது. அந்த ரயிலும் 1986-ல் நின்றது. எங்கோ ஒரு மேசையில் எடுத்த முடிவுகள் அலையைவிட வேகமாக வேலை செய்திருக்கின்றன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வணிகம் போனதால்தான் 1792-ல் கட்டிய நுழைவாயிலும், 1701-ல் எழுந்த சீயோன் தேவாலயமும், 1718-ன் புதிய எருசலேம் தேவாலயமும் இடித்துக் கட்ட ஆளில்லாமல் தப்பின. ஊர் செழித்திருந்தால் இந்நேரம் ராஜா வீதியில் வணிக வளாகங்கள் நின்றிருக்கும்.

அந்நியர் கோட்டையை நாம் ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கொண்டாட வேண்டாம், கவனித்துப் பார்த்தால் போதும். மேல்தளத்தில் ஆளுநரின் அறைகள். கீழே சரக்கறையும் சமையற்கட்டும் சிறையும். கோட்டையின் அமைப்பே அதிகாரத்தின் வரைபடம். இங்கேதான் தங்கள் மன்னர் அனுப்பிய மதபோதகர் சீகன்பால்குவையே டேனிஷ் ஆளுநர் நான்கு மாதம் அடைத்து வைத்தார். 1706-ல் வந்த அந்த மனிதர் தமிழ் கற்று, அச்சுக்கூடம் அமைத்து, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். அச்சுக்குத் தாள் போதாமல் பக்கத்துப் பொறையாரில் காகிதம் செய்யும் பட்டறை வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்று அந்த இடத்துக்குப் பெயர். கோட்டையோடு திரும்பிவிடுகிறவருக்கு இந்தப் பெயர்கூடக் காதில் விழாது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: கூட்டம் பெருகினால் கரை விடுதிகளுக்குப் போகும், கட்டுமரமும் வலையும் ஒதுக்கப்படும் என்பது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அன்றைய நாகை மாவட்டம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தது. தரங்கம்பாடியும் அதில் அடக்கம். அதற்குப் பிறகு, பாதுகாப்புக்காகக் கரையை விட்டுத் தள்ளிப் போகச் சொல்லப்பட்டவர்களுக்கு, அதே கரையில் விடுதிச் சுவர் எழுவதைப் பார்க்க எப்படி இருக்கும்? ஆகவே, கூட்டம் பெருக வேண்டும் என்பது என் வாதம் அல்ல. வருகிற கூட்டம் தங்கட்டும். ஒரு மணி நேரத்தில் போகிறவர் நுழைவுச்சீட்டுக்கும் சுண்டலுக்கும்தான் காசு கொடுக்கிறார். இரவு தங்குகிறவர் விடியலில் மீன் ஏலம் பார்ப்பார், காலையில் இட்லி சாப்பிடுவார், அடுத்த நாள் பூம்புகாருக்கோ காரைக்காலுக்கோ போவார். அதற்குக் கரையில் புதுக் கட்டடம் வேண்டியதில்லை. ஊருக்குள் வீடுகளில் அறை வாடகைக்கு விட வழி செய்யலாம், மயிலாடுதுறைக்கு இரவுப் பேருந்தைக் கூட்டலாம்.

செலவே இல்லாத ஒரு வேலையும் இருக்கிறது. மாசிலாமணிநாதர் கோயிலின் முகப்பு முன்பு எதுவரை நீண்டிருந்தது என்று காட்ட ஒரு கம்பம் நட்டு, தமிழில் நாலு வரி எழுதி வைக்கலாம். அந்தக் கம்பத்தைத் தண்ணீருக்குள்தான் நட வேண்டியிருக்கும்.