பூனைத் தவமும் ஆலோசனைக் குழுக்களும்

மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு பூனை நிற்கிறது. பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களை உயரத் தூக்கித் தவம் செய்கிறது. காலடியில் எலிகள். பூனை திருந்திவிட்டது என்று நம்பி அவை பக்கத்தில் வந்து நிற்கின்றன. வழிகாட்டி இதைச் சொன்னதும் சுற்றுலா வந்தவர்கள் சிரிக்கிறார்கள். நமக்குச் சிரிப்பு வருவதில்லை. இந்தப் பூனையை நாம் ஆட்சியர் அலுவலகக் கூட்ட அரங்கில் பார்த்திருக்கிறோம். நகராட்சியிலும் பேரூராட்சியிலும் பார்த்திருக்கிறோம். மேசைமேல் பெயர்ப் பலகைகள், சுவரில் 'மக்கள் பங்கேற்பு' என்று ஒரு பதாகை. நம்ம ஆள் ஒருத்தர் கடைசி நாற்காலியில் ஒக்காந்திருப்பார். கேட்டால், "கூப்ட்டாங்க, போனோம், டீ குடுத்தாங்க, கையெழுத்து வாங்கினாங்க" என்பார். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு, எல்லா மக்களையும் கலந்து பேசித்தான் முடிவெடுத்தோம் என்று கோப்பு சொல்லும்.

சமத்துவம், பங்கேற்பு, கருத்துக் கேட்பு. இந்தச் சொற்கள் இன்று அரசுக்குப் பிடிக்கின்றன, உலக வங்கிக்குப் பிடிக்கின்றன, கட்டுமானக் கம்பெனிகளுக்கும் பிடிக்கின்றன. எல்லோருக்கும் பிடித்துப்போன ஒரு சொல்லைக் கண்டால் தலித்துகளாகிய நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். குழுவில் இடம் கிடைத்ததா என்பது சின்னக் கேள்வி. அந்த இடத்துக்கு ஆளைத் தேர்ந்தெடுத்தது யார், கூட்டத்தைக் கூட்டும் அதிகாரம் யாரிடம், முடிவு நடக்காவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? இவைதான் பெரிய கேள்விகள்.

ஊரைக் கேட்டுச் சொல்கிறோம்

ஆலோசனை கேட்பது செங்கல்பட்டுக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் ஆட்சியில் சேரிக்காரர் தரிசு நிலம் கேட்டு தர்காஸ்து மனுப் போட்டால், முதலில் ஊர் மிராசுதாரரைக் கேட்பார்கள். அந்த நிலத்தின்மீது அவருக்குத்தான் முன்னுரிமை. தானும் உழமாட்டார், உழுகிறவனுக்கும் விடமாட்டார். பண்ணையில் கிடக்கிறவன் சொந்தமாக ஒரு காணி வைத்துக்கொண்டால் நாளைக்கு யார் வந்து உழுவது? இதுதான் 'ஊரைக் கலந்து பேசுதல்'. சட்டம், நடைமுறை, மனு, மறுப்பு எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. சேரிக்கு மட்டும் நிலம் வரவில்லை.

இதை எழுதி வைத்தவர் அன்றைய செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர். 1891-இல் அவர் எழுதிய அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1892-இல் பஞ்சமி நிலம் தருகிற அரசாணை வந்தது. பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்டோருக்குள்தான் விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு நிலம் கொடுக்கப்பட்டது. பிறகு அது எப்படி ஆதிக்கச் சாதிகளின் கைக்கும், பட்டணத்துப் பணக்காரர் கைக்கும், பண்ணை வீடுகளுக்கும் போனது என்பதை இந்த வட்டாரத்தில் பிறந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

1994-இல் காரணை மக்கள் தங்கள் பஞ்சமி நிலத்தைக் கேட்டார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது போலிஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். இன்று குழுக்களின் கோப்பில் பஞ்சமி நிலம் என்ற சொல்லாவது இருக்கிறதென்றால், அது அந்த ரத்தத்தால் எழுதப்பட்டது. எந்த ஆலோசகரும் அதை எழுதவில்லை.

பூஞ்சேரியின் மூன்று ஆண்டுகள்

இன்றைய மாமல்லபுரத்துக்கு வருவோம். 1984 முதல் அய்.நா.வின் உலகப் பாரம்பரியச் சின்னம். கல் காப்பாற்றப்பட வேண்டும், அதில் நமக்குத் தகராறு இல்லை. அந்தக் கல்லைச் செதுக்கியதும் சுமந்ததும் உழைக்கும் கைகள்தான். ஆனால் 2010-இல் திருத்தப்பட்ட தொல்சின்னச் சட்டப்படி சின்னத்திலிருந்து 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. அதற்குள் வாழ்கிற ஏழை, கூரை மாற்றுவதற்கும் அனுமதிக்கு அலைய வேண்டும். யாரைக் கேட்டு இந்தக் கோடு போடப்பட்டது?

2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இங்கே சந்தித்தார்கள். ஊர் கழுவித் துடைக்கப்பட்டது. சாலையோரக் கடைகள் அப்புறப்படுத்தப்பட்டன. பாசிமணி விற்கிறவர், சங்கு விற்கிறவர், இளநீர் வெட்டுகிறவர், வறுத்த மீன் விற்கிற பெண் எல்லோரும் காட்சியிலிருந்து எடுக்கப்பட்டார்கள். விருந்தாளி வரும்போது வீட்டு அழுக்கை மறைப்பதுபோல மனுசர்களை மறைத்தார்கள்.

2021 அக்டோபரில் இதே ஊர்ப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து பூஞ்சேரி நரிக்குறவர் பெண் ஒருவர் விரட்டப்பட்டார். அவர் பேசிய பேச்சு படமாகி ஊரெங்கும் பரவியது. அமைச்சர் வந்து அதே பந்தியில் அவருடன் உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4 அன்று முதலமைச்சர் பூஞ்சேரிக்கே வந்து நரிக்குறவர்களுக்கும் இருளர்களுக்கும் பட்டா கொடுத்தார். நல்லது, வரவேற்போம். ஆனால் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது. பட்டா கொடுக்க முடியும் என்றால் அதுவரை ஏன் கொடுக்கவில்லை? முதலமைச்சரை அங்கே வரவைத்தது எந்தக் குழுவின் தீர்மானமும் அல்ல. பசித்த ஒரு பெண்ணின் கோபம். அன்றைக்கு யாரும் செல்போனைத் தூக்கிப் படம் எடுக்காமல் இருந்திருந்தால்?

2022 சூலை, ஆகஸ்டில் அதே பூஞ்சேரியில் உள்ள நட்சத்திர ஓட்டலில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் வந்தன. சாலை, விளக்கு, வண்ணம் எல்லாம் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில்தான் நரிக்குறவரையும் குருவிக்காரரையும் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கிற மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதற்கு முன்னால் எத்தனை தலைமுறை மனு! சதுரங்கப் பலகைக்குச் சில மாதத்தில் இடம் கிடைக்கிறது. சாதிப் பலகையில் ஒரு கட்டம் நகர அரை நூற்றாண்டு ஆகிறது.

குழுக்களின் வகைகள்

இயக்கத் தோழர்களும் மாணவர்களும் இந்தக் குழுக்களைப் பிரித்துப் பார்க்கக் கற்க வேண்டும். எல்லாமே ஏமாற்று என்று தள்ளிவிடுவது சுலபம். அது சோம்பேறித்தனம்.

முதல் வகை, வெறும் ஆலோசனை. 2015-இல் வந்த ஸ்மார்ட் சிட்டி திட்ட வழிகாட்டுதலில் நகரம்தோறும் ஓர் ஆலோசனை மன்றம் சொல்லப்பட்டது. நாடாளுமன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், மேயர், ஆட்சியர், தொழில்நுட்ப வல்லுநர், குடியிருப்போர் சங்கம், வரி செலுத்துவோர் சங்கம், வர்த்தகர் சங்கம் என்று நீளும் பட்டியலில் குடிசைப் பகுதிக் கூட்டமைப்புக்கும் ஓர் இடம். முடிவும் பணமும் இருந்ததோ கம்பெனிச் சட்டப்படி பதிவான தனி நிறுவனத்திடம். 2025 மார்ச்சில் திட்டமே முடிந்துபோனது. பாதாளச் சாக்கடையில் இறங்குகிறவர்களுக்கென்று அந்தப் பட்டியலில் ஓர் இடம் இல்லை. நகரத்தின் மலத்தைச் சுமக்கிறவனிடம் நகரத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

இரண்டாவது வகை, பகுதி சபையும் வார்டு குழுவும். 1992-இன் 74-ஆவது திருத்தம் நகரத்துக்கு மக்களாட்சி தருகிறேன் என்றது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் வரவே 2022 ஆனது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடின. மக்கள் நேரில் கேள்வி கேட்கிற இடம் என்பதால் இது முக்கியம். ஆனால் வார்டு குழுவிலும் பகுதி சபைப் பொறுப்பிலும் உட்காருகிறவர் நியமிக்கப்படுகிறார், நாம் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை. கவுன்சிலருக்கு வேண்டியவர் கவுன்சிலருக்கு வேண்டியதைத்தான் பேசுவார்.

மூன்றாவது வகைக்குச் சட்டத்தில் பல் இருக்கிறது. 2014-இன் தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழுவைக் கட்டாயமாக்கியது. அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதி, பழங்குடி, சிறுபான்மை, ஊனமுற்றோர்க்கு உரிய பிரதிநிதித்துவம். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தருகிறவரை யாரையும் அகற்றக் கூடாது. படித்துப் பாருங்கள் தோழர்களே, இது யாரோ போட்ட பிச்சை அல்ல, வியாபாரிகள் பல ஆண்டு போராடி வாங்கியது. கடற்கரைக் கோயில் போகிற வழியில் பாசிமணிக் கூடையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு, அந்தக் குழுவில் ஓட்டுப் போடவும் நிற்கவும் உரிமை உண்டு என்று போய்ச் சொன்னவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நான்காவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகள் சொல்லும் விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு. மாநிலக் குழு முதலமைச்சர் தலைமையில் ஆண்டுக்கு இரண்டு முறை, சனவரியிலும் சூலையிலும் கூட வேண்டும். மாவட்டக் குழு ஆட்சியர் தலைமையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அதில் பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த அதிகாரி அல்லாதவர்கள் அய்ந்து பேர் வரை இருக்கலாம். தாள் மேல் எவ்வளவு அழகு! நடைமுறையில், தமிழ்நாட்டின் மாநிலக் குழு பல ஆண்டுகள் கூடாமலே கிடந்து 2021 ஆகஸ்டில்தான் கூடியது. கூட்டாமல் விட்டவருக்கு என்ன தண்டனை? விதியில் ஒரு வரி இல்லை. அந்த அய்ந்து பேர் யார் என்பதையும் நம் சேரிகள் முடிவு செய்வதில்லை, ஆட்சியர் அலுவலகம் முடிவு செய்கிறது. கேள்வி கேட்கிறவர் ஒதுக்கப்படுவார், தலையாட்டுகிறவர் அழைக்கப்படுவார்.

நம் ஆளை நாமே அனுப்புவது

இது 1932-இன் சண்டைதான் தோழர்களே. நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் லண்டன் வட்டமேசையில் வாதாடினார். கூடவே நின்றவர் இந்தச் செங்கல்பட்டு மண்ணின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். தனித் தொகுதியைக் காந்தியாரின் உண்ணாவிரதம் பறித்தது, புனா ஒப்பந்தம் வந்தது. அன்றிலிருந்து 'தலித் பிரதிநிதி' என்றால் ஊர் ஓட்டில் ஜெயிக்க வேண்டியவர் என்றாகிவிட்டது. அது சட்டமன்றத்தோடு நிற்கவில்லை, ஆலோசனைக் குழுவின் கடைசி நாற்காலி வரை வந்திருக்கிறது. நாற்காலியை மெய்யாகவே நம் ஆள் பிடித்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1997-இல் கொல்லப்பட்ட மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் சாட்சி.

அப்படியானால் போகக் கூடாதா? போக வேண்டும் என்றே நான் சொல்வேன். இரட்டைமலை சீனிவாசனும் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமன உறுப்பினராகத்தான் போனார். ஆனால் 1924-இல் அங்கே அவர் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலையிலும் கிணற்றிலும் குளத்திலும் பொது அலுவலகத்திலும் தீண்டப்படாதவர் என்று யாரையும் தடுக்கக் கூடாது என்றது. அந்த ஆண்டே அது அரசாணை ஆனது. நியமித்தவர் தயவில் வாழ்ந்திருந்தால் அதை அவர் செய்திருக்க முடியாது. அவருக்குப் பின்னால் 1891-இல் தொடங்கிய பறையர் மகாஜன சபை இருந்தது, 1893-இல் தொடங்கிய 'பறையன்' இதழ் இருந்தது, வெளியே ஒரு சனம் இருந்தது. வெளியே ஆள் திரளாத நிலையில் உள்ளே போகிறவர் பொம்மை. வெளியே திரண்டு நின்று உள்ளே அனுப்பினால் அவர் நம் தூதர். பூனைக்கும் எலிக்கும் நடுவே வித்தியாசம் பல்லில் மட்டுமில்லை, எலிகள் தனித்தனியாகப் போகின்றன என்பதிலும் இருக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியவை. தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம். நம் மாவட்டக் குழு கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை முறை கூடியது, உறுப்பினர் யார் யார், நடவடிக்கைக் குறிப்பு எங்கே, எந்த முடிவு நடந்தது, எது நடக்கவில்லை என்று கேளுங்கள். நகர விற்பனைக் குழுவுக்குத் தேர்தல் நடந்ததா, கணக்கெடுப்புப் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். வரும் பதிலைச் சேரியில் விளக்கடியில் எல்லோர் முன்பும் வாசியுங்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல ஆய்வு வேறில்லை.

அரசிடம் நாம் வைப்பது நான்கு கோரிக்கை. குழுவின் தலித், பழங்குடி உறுப்பினரை அந்தந்தக் குடியிருப்பு மக்களே கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் எழுத்தில் கேட்டால் கூட்டம் கூட்டியே ஆக வேண்டும். நடவடிக்கைக் குறிப்பு தமிழில் பதினைந்து நாளுக்குள் பலகையில் ஒட்டப்பட வேண்டும். ஏற்காத முடிவுக்குக் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும், கூட்டாத அதிகாரிமீது நடவடிக்கை வேண்டும்.

இதற்கு ஒப்புக்கொள்ளாத குழுவில் நம் கையெழுத்து எதற்கு? டீயைக் குடித்துவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டு, எழுந்து வந்துவிடுவோம்.