புற்றரையிலே பதினான்கு நாட்கள்

கச்சான் காற்று வெம்மையோடு வாவியைக் கடந்து வந்து நம் வாசற்கதவுகளை அடிக்கின்ற ஆனித் திங்களின் நடுவிலே, இலண்டன் மாநகரின் தென்மேற்குப் புறத்திலுள்ள விம்பிள்டனில் உலகத்து டெனிஸ் வீரரும் வீராங்கனையரும் ஆண்டுதோறும் கூடுகின்றனர். 1877ஆம் ஆண்டிலே தொடங்கிய பந்தயம் அது. இரண்டு உலகப் போர்களும், 2020ஆம் ஆண்டின் கொள்ளை நோயும் தடுத்த காலம் நீங்கலாக, இன்றுவரை நடந்து வருகின்றது. அந்தப் பதினான்கு நாட்களும் நெருங்குகின்ற இவ்வேளையில், எதனைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்பது பற்றிச் சிறிது சொல்லி வைக்க விரும்புகின்றோம்.

பெரியகல்லாற்றுக்கும் டெனிசுக்கும் என்ன உறவு என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வியே. கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக, இடையிலே ஒரு மணற்கீற்றாகக் கிடப்பது நம் ஊர். மணல் பந்தை விழுங்குமேயன்றி மேலே எழுப்பாது. கரையோரச் சிற்றூர்களிலே கரப்பந்தாட்டம் செழித்ததன் காரணம் இதுவே என்று நமக்குத் தோன்றுவதுண்டு. அவ்வாட்டத்திலே பந்து நிலத்தைத் தொடவே கூடாதல்லவா? டெனிசோ அதற்கு நேர்மாறானது. நிலத்தில் விழுந்த பந்து எவ்வளவு உயரம், எவ்வளவு விரைவில், எந்தப் பக்கமாக எழுகின்றது என்பதிலேதான் அவ்விளையாட்டின் உயிர் இருக்கின்றது. ஆகவே நிலத்தை அறியாதவன் டெனிசை அறியான்.

பாரிஸ் நகரத்துப் பந்தயம் செம்மண் தளத்தில் நடைபெறுவது. அங்கே பந்து உயர எழும். ஓடிப் பிடிக்க நேரம் கிடைக்கும். மெல்பேணிலும் நியூயோர்க்கிலும் வன்தளம். விம்பிள்டனிலே புல். 2001ஆம் ஆண்டு முதல் ரை என்னும் ஒரே இனப் புல்லை அங்கே வளர்த்து, எட்டு மில்லிமீற்றர் உயரத்துக்கு வெட்டி வைக்கின்றனர். புல்லிலே விழுந்த பந்து தாழ்ந்து வழுக்கிச் செல்லும். முழங்காலை மடக்கிக் குனியத் தெரியாதவர் அங்கே நெடுநாள் தங்குவதில்லை. முதல் நாளிலே பச்சைக் கம்பளம்போல் இருக்கும் தளம், இரண்டாம் கிழமையிலே பின்கோட்டின் ஓரமெங்கும் பழுப்பேறித் தேய்ந்து போவதைத் தொலைக்காட்சியிலே சிறுவரும் காணலாம். முற்காலத்துப் படங்களைப் பார்த்தால், பின்கோட்டிலிருந்து வலையை நோக்கி ஓர் ஒற்றையடிப் பாதையே தேய்ந்திருக்கும். சேர்விஸ் என்னும் தொடக்க அடியை அடித்துவிட்டு வலைக்கு ஓடி வருவது அக்காலத்து வழக்கம். இன்று அந்தப் பாதையில் புல் முளைத்துவிட்டது. பின்கோட்டிலே நின்று நெடுநேரம் அடித்துக்கொள்வதே இக்காலத்து முறை. விளையாட்டின் வரலாற்றைப் புல்லே எழுதிக் காட்டுவது விந்தைதான்.

அந்த ஒற்றையடிப் பாதை தேய்ந்த காலத்திலே அங்கே நடந்தவர்களுள் ஒருவர் நாகர்கோவிலிற் பிறந்த இராமநாதன் கிருஷ்ணன். தாமே பெயர்பெற்ற ஆட்டக்காரராகிய தந்தை டி. கே. இராமநாதனிடம் பயின்ற அவர், 1954ஆம் ஆண்டிலே விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்றார். ஆசியக் கண்டத்தவர் ஒருவர் அப்பட்டத்தைப் பெற்றது அதுவே முதல் முறை. இறுதியாட்டத்திலே அவரிடம் தோற்ற ஆஸ்திரேலியச் சிறுவன் ஆஷ்லி கூப்பர், நான்கு ஆண்டுகள் கழித்து, 1958இல், ஆடவர் பட்டத்தையே வென்றுவிட்டான்! கிருஷ்ணன் 1960இலும் 1961இலும் அரை இறுதி வரை சென்றார். 1960இலே அவரை வென்ற நீல் பிரேசர் அவ்வாண்டுச் சம்பியன். 1961இலே வென்ற ரொட் லேவரும் அவ்வாண்டுச் சம்பியன். அதற்கு முன்னைய கால் இறுதியிலே ரோய் எமர்சன் என்ற பெரும் வீரரை நேர் செட்டுகளிலே வீழ்த்தியிருந்தார் கிருஷ்ணன். இடியென விழும் சேர்விஸ் அவரிடம் இருந்ததில்லை. மெல்லத் தட்டி, எதிரி நில்லாத மூலை பார்த்துப் பந்தை இறக்கும் நுட்பமே அவர் ஆயுதம்.

இங்கே ஒரு செய்தியை இளைஞர் கருதவேண்டும். அக்காலத்து விம்பிள்டனிலே சம்பளம் பெற்று ஆடுவோருக்கு இடமில்லை. ஆர்வலருக்கு மட்டுமே கதவு திறந்திருந்தது. பணம் பெற்று ஆட விரும்பியோர் ஜாக் கிரேமர் என்ற அமெரிக்கர் நடத்திய குழுவிலே சேர்ந்து ஊரூராக ஆடித் திரிந்தனர். ரொட் லேவர் 1962ஆம் ஆண்டுப் பட்டத்துக்குப் பின் அவ்வழியே போனார். அதனால் 1963 முதல் ஐந்து ஆண்டுகள், உலகின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவர் விம்பிள்டன் வாயிலுக்கு வெளியே நின்றார். 1968இலே தொழில் வீரருக்கும் கதவு திறக்கப்பட்டபொழுது, திரும்பி வந்து முதலாண்டே பட்டத்தை எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டும் எடுத்தார்.

கிரேமர் கிருஷ்ணனையும் பெருந்தொகை தருவதாக அழைத்தார். கிருஷ்ணன் மறுத்தார். மறுத்தது சரியா, பிழையா என்று திண்ணையிலே இருந்து தீர்ப்புக் கூறுவது எளிது. போயிருந்தால் பொருள் மிகுந்திருக்கும். விம்பிள்டனும் டேவிஸ் கிண்ணமும் போயிருக்கும். போகாமையினாலே, 1966ஆம் ஆண்டிலே இந்தியா முதன்முறையாக டேவிஸ் கிண்ணத்தின் இறுதிப் போட்டியை எட்டியது. கல்கத்தாவிலே பிறேசில் நாட்டோடு நடந்த போட்டியின் கடைசி ஆட்டத்தில், தோமஸ் கொக் என்பவரிடம் இரண்டுக்கு ஒன்று என்ற செட் கணக்கிலே பின்தங்கி, நான்காம் செட்டிலும் தோல்வியின் விளிம்பைத் தொட்டு, அங்கிருந்து மீண்டு வென்று கொடுத்தவர் கிருஷ்ணனே. மெல்பேணில் நடந்த இறுதியிலே ஆஸ்திரேலியாவிடம் இந்தியா தோற்றது. எனினும் அந்தக் கல்கத்தா ஆட்டத்தை எந்தத் தொகையாலும் விலைக்கு வாங்கியிருக்க முடியாது என்பதே நமது கருத்து.

அவருக்குப் பின் சென்னையின் விஜய் அமிர்தராஜ் 1973இலும் 1981இலும் கால் இறுதி கண்டார். 1973இலே ஐந்து செட் பொருதித் தோற்றது ஜான் கோடெஷிடம்; அவரும் அவ்வாண்டுச் சம்பியனே. நம்மவரை வென்றவர்களுக்குப் பட்டம் கிடைப்பது ஒரு வழக்கமாகவே இருந்தது போலும்! கிருஷ்ணனின் மைந்தர் ரமேஷ் 1979இலே தந்தை வென்ற அதே சிறுவர் பட்டத்தை வென்று, 1986இலே கால் இறுதியும் சென்றார்.

இன்றைய விம்பிள்டன் முற்றிலும் தொழில் வீரருடையது. ஆகையால் அங்கே நுழையும் வாயிலின் கணக்கை அறிந்துகொள்வது நல்லது. ஆடவர் ஒற்றையர் பிரிவிலே இடம் 128. அவற்றுள் 104 இடங்கள் உலகத் தரவரிசைப்படி நேரே வழங்கப்படுவன. எட்டு இடங்கள் நடத்துவோரின் விருப்பத்துக்கு உரியன. எஞ்சிய 16 இடங்களும் தகுதிச் சுற்றிலே வென்று வருவோருக்கு. இத்தகுதிச் சுற்று முந்திய கிழமையிலே, அருகேயுள்ள ரோஹாம்டன் என்னுமிடத்தில் நடைபெறும். அங்கே மூன்று ஆட்டங்களையும் வென்றால்தான் பெருவாயில் திறக்கும்.

இதிலே சோறும் சம்பந்தப்பட்டிருக்கின்றது. 2025ஆம் ஆண்டிலே சம்பியனுக்கு வழங்கியது 30 இலட்சம் பவுண். அதனைச் செய்தித்தாள்கள் பெரிய எழுத்திலே போட்டன. நமக்கு அதனினும் முக்கியமாகப் படுவது வேறொரு தொகை: முதற் சுற்றிலேயே தோற்று வீடு திரும்பியவருக்கும் 66,000 பவுண் கிடைத்தது. பயிற்றுநர் சம்பளம், விமானச் செலவு, தங்குமிடம் அனைத்தையும் தன் கையாலேயே கொடுத்து, நாடு நாடாகச் சிறிய பந்தயங்களை ஆடித் திரியும் ஒருவனுக்கு, அந்த ஒரு தோல்விப் பணமே ஆண்டுச் செலவின் பெரும்பகுதியைத் தாங்கும். தரவரிசையில் நூற்று நான்காவதாக நிற்பவனுக்கும் நூற்றுப் பத்தாவதாக நிற்பவனுக்கும் ஆட்டத்திறனிலே மயிரிழை வேறுபாடுதான் இருக்கும். வாழ்க்கையிலோ அது பெரிய மதிற்சுவர்.

சென்னையைச் சேர்ந்த பிரஜ்னேஷ் குணேஸ்வரன் 2019ஆம் ஆண்டிலே தரவரிசையில் 75ஆம் இடம் வரை உயர்ந்து, அவ்வாண்டு விம்பிள்டன் முதற் சுற்றிலே கனடாவின் மிலோஷ் ராவ்னிச்சை எதிர்த்து ஆடினார், தோற்றார். அதே சென்னையின் ராம்குமார் ராமநாதன் எட்டிய மிக உயர்ந்த இடம் 111, அது 2018இலே. அவ்வாண்டு அமெரிக்காவின் நியூபோர்ட் நகரத்துப் புற்றரைப் பந்தயத்திலே இறுதியாட்டம் வரை சென்றவர் அவர். புல்லிலே ஆடத் தெரியாதவர் அல்லர். பெரும் பந்தயங்களின் தகுதிச் சுற்றுகளை ஆண்டாண்டாக ஆடியும் ஒற்றையர் பிரிவு வாயில் அவருக்குத் திறக்கவில்லை. 2021ஆம் ஆண்டிலே விம்பிள்டன் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம் வரை வந்து, மார்க் போல்மன்ஸ் என்ற ஆஸ்திரேலியரோடு ஐந்து செட் போராடித் தோற்றார். ஐந்தாவது செட்டின் இரண்டொரு பந்து வேறு விதமாக விழுந்திருந்தால் அவர் பெயரும் அந்த 128இலே ஒன்றாக அச்சேறியிருக்கும். இத்தகைய ஆட்டத்தைத் தொலைக்காட்சியிலே எவரும் பெரிதாகக் காட்டுவதில்லை என்பது நமக்கு மனக்குறை.

இனி, பட்டம் யாருக்கு என்ற கேள்வி. சோதிடம் நமக்குத் தெரியாது. ஆயினும் கடந்த காலத்தைப் பார்க்கலாம். 2003 முதல் 2022 வரை நடந்த பந்தயங்கள் அனைத்திலும் ஆடவர் பட்டத்தைப் பெடரர், நடால், ஜோகோவிச், மறே ஆகிய நால்வரே தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். அந்தப் பூட்டை 2023இலே உடைத்தவர் ஸ்பெயின் நாட்டுக் கார்லோஸ் அல்கராஸ். 2024இலும் அவரே வென்றார். 2025 இறுதியிலே அவரை வீழ்த்தியவர் இத்தாலியின் யானிக் சின்னர். ஆடவர் பிரிவிலே ஆட்சி சிலர் கையிலேயே தங்கும் என்பதற்கு இவை சான்று.

மகளிர் பிரிவின் கதையே வேறு. 2017 முதல் 2025 வரை நடந்த எட்டுப் பந்தயங்களிலே எட்டு வெவ்வேறு பெண்கள் பட்டம் பெற்றனர். 2023இலே வென்ற செக் நாட்டு மார்க்கெட்டா வொண்ட்ருசோவா, நடத்துவோர் குறித்துவைத்த 32 முன்னணியாளருள்ளும் இல்லாதவர். 2025இலோ போலந்தின் இகா சுவியாதெக் இறுதியாட்டத்தில் எதிராளிக்கு ஓர் ஆட்டங்கூடக் கொடாமல், ஆறுக்குப் பூச்சியம், ஆறுக்குப் பூச்சியம் என்று வென்றார். அடுத்தது என்னவென்று அறியாமல் பார்ப்பதிலே இன்பம் காண்போருக்கு மகளிர் ஆட்டமே ஏற்றது என்போம். பரிசுத் தொகை 2007 முதல் இருபாலாருக்கும் சமம் என்பதையும் நம் பெண்மக்கள் அறிந்திருக்கட்டும்.

முறைகளிலே சில மாறுதல்கள். 2010ஆம் ஆண்டிலே ஜோன் இஸ்னரும் நிக்கலா மாயூவும் மூன்று நாட்களிலே பதினொரு மணி ஐந்து நிமிடம் ஆடி, கடைசிச் செட் எழுபதுக்கு அறுபத்தெட்டு என்று முடிந்தது. இனி அப்படியொன்று நடவாது. 2022 முதல், கடைசிச் செட் ஆறுக்கு ஆறு என்று நின்றால், பத்துப் புள்ளி டை-பிரேக்கர் வைத்து முடித்துவிடுகின்றனர். பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று கூவிச் சொல்லும் கோட்டு நடுவர்களையும் 2025இலே நீக்கி, அப்பணியைப் பொறிகளிடம் ஒப்படைத்தனர். அவ்வாண்டே ரஷிய வீராங்கனை பவ்லியுசென்கோவா ஆடிய ஆட்டத்திலே, தளத்தின் ஒரு பகுதியிலே பொறியை யாரோ தவறுதலாக அணைத்துவிட, வெளியே விழுந்த பந்தைப் பொறி கண்டுகொள்ளவில்லை. அந்தப் புள்ளியை மறுபடி ஆடச் சொன்னார்கள். மனிதக் கண் தவறினால் திட்டுவதற்கு ஒரு முகமாவது இருந்தது!

பந்து பொறுக்கும் சிறுவர் சிறுமியரை மாணாக்கர் கவனிக்கவேண்டும். ஏறக்குறைய 250 பேர்; பெரும்பாலும் பதினைந்து வயதினர்; சுற்றுப்புறப் பள்ளிகளிலே தேர்ந்தெடுக்கப்பட்டுப் பல மாதம் பயின்றவர். அவர்கள் அசையாது நிற்பதே ஒரு கலை.

நேரம் பற்றி இரண்டு வார்த்தை. இலண்டனின் கோடை நேரத்துக்கு நாம் நாலரை மணி முந்தியவர்கள். புறத் தளங்களிலே ஆட்டம் தொடங்குவது நமக்குப் பிற்பகல் 3.30, முதலாம் தளத்தில் மாலை 5.30, நடுத்தளத்தில் 6.00. ஒற்றையர் இறுதியாட்டங்கள் 2025 முதல் நமக்கு இரவு 8.30க்கு. அங்கே இரவு 11 மணிக்கு மேல் ஆட விடமாட்டார்கள். அது நமக்கு விடியற்புறம் 3.30, வாவியிலே தோணி இறங்கும் நேரம். பள்ளிப் பிள்ளைகளை அதுவரை விழித்திருக்க விடவேண்டா என்று தாய்மாரைக் கேட்டுக்கொள்கின்றோம். பள்ளி விட்டு வந்து, தேநீரோடு பார்க்கத் தக்கவை புறத் தளத்து ஆட்டங்களே. முதல் திங்கட்கிழமை ஆட்ட அட்டவணையிலே, பெயருக்குப் பக்கத்தில் ‘கியூ’ என்ற ஆங்கில எழுத்து இட்டிருந்தால், அவர் ரோஹாம்டனிலே மூன்று ஆட்டம் வென்று வந்தவர் என்று அறிக. அத்தகைய ஒருவரைத் தெரிந்தெடுத்து, அவர் முதலாவது சேர்விஸ் அடிக்குமுன் பந்தை எத்தனை முறை நிலத்திலே தட்டுகின்றார் என்று எண்ணிப் பாருங்கள்.