ஃப்ரம் ஹெல்: கொலைகாரனை விட பயமா இருந்த அந்தக் கயிறு

முதல்லயே சொல்லிடுறேன், ஸ்பாய்லர் இருக்கு. படம் வந்தது 2001ல, கொலைகள் நடந்தது 1888ல. இதுக்கு மேலயும் ரகசியம் காக்க என்னால முடியாது.

'ஃப்ரம் ஹெல்' பார்த்திருக்கீங்களா? ஜானி டெப் ஜாக் ஸ்பேரோ ஆகுறதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி நடிச்ச படம். இயக்கினவங்க ஆல்பர்ட் ஹியூஸ், ஆலன் ஹியூஸ்னு இரட்டைச் சகோதரர்கள். கிழக்கு லண்டன்ல ஒயிட்சேப்பல்னு ஒரு ஏரியா. அங்க 1888 ஆகஸ்ட் கடைசியில இருந்து நவம்பர் 9க்குள்ள அஞ்சு பெண்கள் கொல்லப்பட்டாங்க. கொன்னவனை உலகம் 'ஜாக் தி ரிப்பர்'னு கூப்பிடுது. அவன் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் யாராலயும் நிரூபிக்க முடியல. அந்தக் கேஸ்தான் கதை.

பார்க்காதவங்க கண்டிப்பா பாருங்க. ப்ராக் பக்கத்துல செட் போட்டு எடுத்த அந்த ஈரமான தெருவும், ரத்தச் சிவப்பு வானமும் ராத்திரி கனவுல வரும். ஆனா எனக்கு வந்தது வேற ஒரு சீன்.

ஒரு நீள பெஞ்சு. அதுல பெண்கள் வரிசையா உக்காந்தபடியே தூங்குறாங்க. முன்னாடி சாய்ஞ்சு விழாம இருக்க, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருக்கு. காலையில ஒருத்தன் வந்து கயித்தை அவுக்குறான். அதுதான் அலாரம். படுக்கக் காசில்லாதவங்களுக்கு அந்தக் கால லண்டன் குடுத்த வசதி அது. கத்தி இல்ல, ரத்தம் இல்ல, பின்னணி இசையில திடுக்கிடல் இல்ல. என்னைக் கேட்டா படத்துலயே பயங்கரமான காட்சி அதுதான்.

என் பிரச்சினை என்னன்னா, படம் அந்தக் கயித்தைக் காட்டிட்டு அப்படியே விட்டுட்டு அரண்மனைக்கு ஓடிப்போயிடுது.

படம் சொல்ற பதில் இது. இளவரசர் ரகசியமா ஒரு சாதாரணப் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிறாரு. அது தெரிஞ்ச தோழிகள்தான் செத்துப்போன பெண்கள். வாயை அடைக்க ராஜ வைத்தியர் சர் வில்லியம் கல் கத்தி எடுக்குறாரு. பின்னாடி ஃப்ரீமேசன் ரகசியச் சங்கம். கேக்க செமையா இருக்கு, இல்ல?

ஆனா நிஜத்துல கல்லுக்கு அப்போ 71 வயசு. அதுக்கு முந்தின வருஷம்தான் அவருக்கு பக்கவாதம் வந்திருந்துச்சு. அந்த அஞ்சு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பழக்கம்னு காட்ட ஆதாரம் எதுவும் இல்ல. இந்த அரண்மனைத் தியரியைப் பரப்பினது 1976ல ஸ்டீஃபன் நைட் எழுதின புத்தகம். அதுக்கு முக்கிய ஆதாரமா இருந்தவரே ஒரு கட்டத்துல 'நான் கட்டிவிட்ட கதை'ன்னு சொல்லிட்டாரு. டெப் நடிச்ச இன்ஸ்பெக்டர் ஆபர்லைன் படத்துல அபின் அடிச்சு இளவயசுலயே சாகுறாரு. நிஜ ஆபர்லைன் 1892ல ரிட்டயர் ஆகி, 86 வயசு வரைக்கும் இருந்து, 1929ல இறந்தாரு.

'டேய், படம்தானே, டாக்குமெண்டரியா?'ன்னு நீங்க கேக்குறது காதுல விழுது. நியாயம்தான். தேதி தப்பு, வயசு தப்புன்னு மார்க் குறைக்கிறது என் வேலை இல்ல. இந்தப் படத்துக்கு மூலமான கிராஃபிக் நாவலும் இதே தியரியைத்தான் எடுத்துக்குது. ஆனா அதை எழுதின ஆலன் மூர் தனக்கு இதுல நம்பிக்கை இல்லன்னு வெளிப்படையா சொன்னவரு. புத்தகத்தோட கடைசியில, ரிப்பரைத் தேடி அலையுற ஆராய்ச்சியாளர் கூட்டத்தையே ஒரு தனிப் பகுதி போட்டு கலாய்ச்சிருப்பாரு. படம் அந்தக் கிண்டலை விட்டுட்டு தியரியை மட்டும் தூக்கிட்டு வந்துடுச்சு.

நம்ம நியூமெரிக்கல் மெத்தட்ஸ் பேப்பரை ஞாபகப்படுத்திக்கோங்க. அஞ்சு புள்ளி குடுத்தா, அந்த அஞ்சு வழியாவும் கச்சிதமா போற நாலாம் படிப் பல்லுறுப்புக்கோவை ஒண்ணு எப்பவும் கிடைக்கும். பிழை பூஜ்யம். ஆனா ஆறாவது புள்ளியைப் பத்தி அது உண்மையைச் சொல்லணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. கான்ஸ்பிரசி தியரி அந்த மாதிரி ஒரு கர்வ். அஞ்சு கொலை வழியாவும் அழகா வளைஞ்சு போகும். வளைவு அழகா இருக்குறதால அது உண்மைன்னு நம்ம மூளை ஏமாந்துடும்.

சரி, அந்த அஞ்சு புள்ளியையும் இன்னொரு தடவை பார்ப்போம்.

மேரி ஆன் நிக்கல்ஸ். அஞ்சு குழந்தைகளுக்கு அம்மா. அன்னைக்கு ராத்திரி படுக்கைக்கு நாலு பென்னி இல்லாததால விடுதியில இருந்து வெளிய அனுப்பப்பட்டாங்க.

ஆனி சாப்மன். கணவர் கோச் வண்டிக்காரர். இவங்களும் படுக்கைக் காசில்லாம நடுராத்திரிக்கு மேல வெளிய போனவங்க. போகும்போது 'என் படுக்கையை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க'ங்கிற மாதிரி சொல்லிட்டுத்தான் போனாங்க.

எலிசபெத் ஸ்ட்ரைட். ஸ்வீடன்ல பிறந்து லண்டன் வந்து, ஒரு காலத்துல கணவரோட காப்பிக்கடை நடத்தினவங்க. இறந்த அன்னைக்கு விடுதி அறைகளைச் சுத்தம் பண்ணி ஆறு பென்னி சம்பாதிச்சாங்க.

கேத்தரின் எடோஸ். சாப்பாட்டுக்காக, கூட இருந்தவரோட பூட்ஸை அடகு வெச்சவங்க. குடிபோதைக்காக போலீஸ் ஸ்டேஷன்ல வெச்சு, ராத்திரி ஒரு மணி வாக்குல வெளிய விட்டாங்க. ஒரு மணி நேரத்துக்குள்ள பிணமா கிடந்தாங்க.

மேரி ஜேன் கெல்லி. வயசு 25 வாக்குல. 29 ஷில்லிங் வாடகை பாக்கி. நவம்பர் 9 காலையில அவங்க உடலை முதல்ல பார்த்தது, வாடகை வசூலிக்க வந்த ஆள்.

இதுல அரண்மனை எங்கயாவது தெரியுதா? எனக்குத் தெரியல. எனக்குத் தெரியுறது வாடகை. அந்தப் பெண்களை இருட்டுத் தெருவுக்கோ, பூட்டு சரியில்லாத வாழ்க்கைக்கோ தள்ளினதுக்கு ரகசியச் சங்கம் தேவைப்படல. சில பென்னிகள் போதுமா இருந்துச்சு. கத்தி வெச்சிருந்தவன் யாரா வேணும்னாலும் இருக்கலாம். அவனுக்கு வழி போட்டுக் குடுத்தது அந்தக் கயிறு கட்டின ஊர்.

இந்தப் பதில் நமக்குப் பிடிக்காது. ராஜ வைத்தியர்தான் வில்லன்னா, அவரைப் பிடிச்சதும் படம் முடிஞ்சுடும், நாமளும் லைட்டைப் போட்டுட்டு தூங்கப் போயிடலாம். காசில்லாதவங்க தெருவுலதான் படுக்கணும்னு ஒரு ஊரே ஒத்துக்கிட்டா, யாரைப் பிடிக்கிறது? அதனாலதான் பெரிய வில்லனைத் தேடுறோம்னு நினைக்கிறேன்.

இதுல வியாபாரமும் இருக்கு. 'ஜாக் தி ரிப்பர்'ங்கிற பேரே 1888 செப்டம்பர்ல ஒரு செய்தி நிறுவனத்துக்கு வந்த கடிதத்துல இருந்து கிடைச்சது. அதை எழுதினது பத்திரிகைக்காரர்தான்னு அப்பவே போலீஸ் அதிகாரிகள் சந்தேகப்பட்டாங்க. 2015ல கிழக்கு லண்டன்ல பெண்கள் வரலாற்று அருங்காட்சியகம்னு திட்ட அனுமதி கேட்டு ஒரு கட்டடம் வந்துச்சு. திறந்து பார்த்தா ஜாக் தி ரிப்பர் அருங்காட்சியகம்! ஜனங்க வாசல்ல போராட்டம் பண்ணினாங்க. நாலு வருஷம் கழிச்சு, ஹாலி ரூபன்ஹோல்ட் இந்த அஞ்சு பேரோட வாழ்க்கையை மட்டும் வெச்சு 'தி ஃபைவ்'னு ஒரு புத்தகம் எழுதினாங்க. கொலைகளை விவரிக்காத ரிப்பர் புத்தகம். அஞ்சுல மூணு பேர் பாலியல் தொழில் செஞ்சதுக்கு ஆதாரமே இல்லன்னு அதுல வாதாடுறாங்க. 131 வருஷமா ஒட்டிக்கிட்டிருந்த லேபிள் அது.

'ஃப்ரம் ஹெல்' மேல எனக்குக் கோபம் இல்ல. மத்த ரிப்பர் படங்களை விட அந்தப் பெண்களுக்கு இதுல முகம் இருக்கு, சிரிப்பு இருக்கு, பசி இருக்கு. மேரி கெல்லியை மட்டும் கொல்ல மனசு வராம கடலோர வீட்டுல உயிரோட விட்டுடுறாங்க. அந்த ஆசையை என்னால புரிஞ்சுக்க முடியுது. ஆனா அவங்களைக் காப்பாத்த, படம் இன்னொரு ஏழைப் பெண்ணை அதே கட்டில்ல சாக விடுது. அவ பேர் படம் முடிஞ்சதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு பாருங்க.

இந்த வீக்கெண்ட் லேப்டாப்ல படத்தைப் போடுங்க, ரூம்மேட்டையும் கூப்பிடுங்க. டைட்டில் கார்டு ஓடும்போது 'யார் கொலைகாரன்'னு சண்டை போடுறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வைவா. செத்த அஞ்சு பேரோட பேரும் சொல்லணும். முடியலன்னா மேல போய் இன்னொரு தடவை படிச்சுட்டு வாங்க, அரியர் கிடையாது.